இரவல் மூக்கு

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் தம்பிராஜாவைப் போல ரோஜாவுக்கு உருகியவரும் இல்லை, அவரைப் போல மூக்கு செத்தவரும் இல்லை. இருபது வருஷம் மூக்குப்பொடி போட்டதில் அவருக்கு மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்துத் துரைமார் மூட்டை கட்டிய வருஷம், அவருடைய ஆபீஸ் துரை ஒரு வாசனை ரோஜாச் செடியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் துரை. இலையில் தண்ணீர் படக் கூடாது, கரும்புள்ளி விழுந்துவிடும். வேருக்கு இறால் தோல். பக்க மொட்டு வந்தால் கிள்ளிவிட வேண்டும், தண்டுக்கு ஒரே பூ. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது தலை வாரிவிட்டிருப்பாரா என்றால், கிடையாது.

பக்கத்து வீட்டு முகைதீன் பாய் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் அத்தர் விற்பவர். ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "மலாக்கா வெயில்ல கலருதான் வரும், வாசம் வராது லா" என்று சொல்லிவிட்டார். தம்பிராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாசம் இல்லாவிட்டால் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவதாக ஆத்திரத்தில் சபதம் வேறு போட்டார்.

ஒன்பது மாதம் ஒரு மொட்டுகூட இல்லை. மனைவி கமலவேணி பொறுக்க மாட்டாமல், முதல் பூ பிள்ளையாருக்கு என்று வேண்டிக்கொண்டாள். மறுவாரமே ஒரு மொட்டு! ஆனால் சாமிக்குப் போகிற பூவை யாரும் முகரக் கூடாதே. அடுத்த பூ எப்போதோ, பிள்ளையாருக்கே வெளிச்சம்.

"எனக்குத்தான் மூக்கே இல்லியே, நான் மோந்தா அது கணக்குல வராது" என்று தம்பிராஜா நியாயம் பேசினார்.

"மோந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. சும்மா கெடங்க."

பாயும் நல்ல மனிதர். பூ விரிந்த பிறகு வேலிப் பக்கம் வரும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் ரோஜாவைச் சாத்திப் பூசை நடந்தது. குருக்கள் தம்பிராஜாவுக்கும் கமலவேணிக்கும் விபூதியும் வாழைப்பழமும் தந்தார். ரோஜாவை, பக்கத்தில் நின்ற, செங் என்ற ஊர்க்கார அம்மாள் சிவகாமசுந்தரிக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பிரசாதமான பூவை யார் வேண்டுமானாலும் முகரலாம்! தம்பிராஜா தெருவுக்கு ஓடினார். அதே தெருப் பள்ளிவாசலில் அந்தி மஃரிப் தொழுகை முடித்து வெளியே வந்த பாயின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாய், அந்தக் கொண்டைக்குப் பின்னாலயே நடங்க. நல்லா மூச்ச இழுங்க."

"இந்த வயசுல ஒதை வாங்கிக் குடுக்கப் பாக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே பாய் நடந்தார். துணைக்குத் தம்பிராஜாவும் நடந்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெரிய மனிதர்கள், நடுத்தெருவில், ஒரு பெண்ணின் கொண்டையை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு! வெட்கக்கேடு.

அம்மாள் சட்டென்று திரும்பினாள். "என்னய்யா வேணும் ஒங்களுக்கு?" செருப்பு கைக்கு வந்துவிட்டது.

மூச்சிரைக்க ஓடிவந்த கமலவேணிதான் விஷயத்தைச் சொல்லி இருவரையும் காப்பாற்றினாள். கேட்ட அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பூவை எடுத்துப் பாயிடம் நீட்டினாள்.

பாய் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தம்பிராஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு வேறு வழி ஏது?

"இருக்கா பாய்?"

"இருக்கு."

தம்பிராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்டி இருக்கு? சொல்லுங்களேன்."

ஐம்பது அத்தரை ஐம்பது விதமாகப் பேசி விற்கிற மனிதர் அன்று ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இரு லா" என்று சொல்லி, மறுபடியும் பூவுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டார்.