சுளுக்கு வழிக்கும் கை

எங்கள் ஊரில் சுளுக்கு என்றால் டாக்டரிடம் போகிற வழக்கம் இல்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் மூன்று நாள் எண்ணெய் தொட்டு வழித்தால் போய்விடும் என்பது எருமப்பட்டிப் பக்கத்து நம்பிக்கை. எங்களுக்கு அந்தக் கை அத்தாயி அக்காவின் கை. அன்பரசுவும் அறிவுச்செல்வியும் அரைமணி இடைவெளியில் பிறந்த நாளிலிருந்து முப்பத்தாறு வருஷமாக, ஊரே அவர் வாசலில் கழுத்தையும் காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குகிறவன். வருஷத்துக்கு நாலு தடவையாவது என் கழுத்து அவர் கைக்குப் போகும். "ஏஞ்சாமி, மூட்டையக் கழுத்துலயா தூக்கறே?" என்று ஏசிக்கொண்டேதான் வழிப்பார். விரல் நரம்போடு மெதுவாகத் தேடிப் போகும். முடிச்சு அகப்பட்டதும், "இங்க ஒளிஞ்சிருக்கறான் பாரு" என்பார். எனக்கு அந்த நிமிஷமே பாதி வலி போய்விடும்.

இந்தக் கைக்கு ஒரே ஒரு குறை உண்டு. ஊருக்குப் பலிக்கும், தனக்குப் பலிக்காது. தனக்குச் சுளுக்கினால் இன்னொரு இரட்டைக்காரியிடம்தான் போக வேண்டும். தன் கையே தனக்கு உதவி என்று சொன்ன புண்ணியவானுக்கு இந்தச் சங்கதி தெரியாது போலிருக்கிறது.

போன தை மாதம் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஈரலுக்கும் பரவியிருந்தது. அடியோடு குணமாக்க முடியாது, மருந்து ஏற்றி வளராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகன் பத்து நாள் கூட இருந்துவிட்டு, சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்குத் திரும்பினான். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருஷம். ஆக, அக்கா தனியாகவே பஸ் ஏறினார், தனியாகவே திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கறன் சாமி" என்று ஒரே பதில்.

ஊர் என்ன செய்தது? அவர் வாசலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. அந்த நோய் தொற்றாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் போகவில்லை. "அவ்வளவு மருந்து ஏத்தறாங்க, கையிலயும் எறங்கியிருக்குமல்லோ" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். அவனைத் திட்டாமல் டீயைக் குடித்தவர்களில் நானும் ஒருவன். ஆடியில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டபோது நாமக்கல் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அவர் வீட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாததற்கு வலி மட்டும் காரணமில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற நர்ஸ் பெயர் ஜோதி. முதல் தடவையே சொல்லியிருந்தாராம். "இந்த நோய் இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும்மா. நாம ஏத்தற மருந்தும் அதக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினா, சூடா வலிச்சா, மூச்சு வாங்கினா உடனே போன் பண்ணுங்க. மறந்தும் அமுக்கவோ தேய்க்கவோ கூடாது. கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி ஒடஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து." நம்பரை மருந்துச்சீட்டின் பின்னால் எழுதியும் கொடுத்திருந்தார். அக்கா தலையாட்டிவிட்டு வந்தார்.

புரட்டாசியில் இடது கெண்டைக்கால் வலித்தது. பஸ்ஸில் காலை மடக்கித் தூங்கிவிட்டோம், சுளுக்குத்தான் என்று அக்கா நினைத்தார். முப்பத்தாறு வருஷம் சுளுக்கையே பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஒரு சுளுக்குக்கா அந்த நர்ஸைத் தொந்தரவு செய்வது என்று மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் பஸ் ஏறி எருமப்பட்டிக்கு, அங்கம்மாளிடம் போனார். அங்கம்மாளும் இரட்டைக்காரி.

பிற்பாடு என்னிடம் சொன்னார்: "கால் வலிக்கு மட்டும் போகலே சாமி. எட்டு மாசமா கிளவுஸ் போட்ட கைதான் என்னையத் தொட்டுது."

அங்கம்மாள் முகம் சுளிக்கவில்லை. காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, "எங்கீங்க்கா வலி? ஒரே இழுவுல எடுத்துப்புடறேன்" என்றார். இடத்தைக் காட்டக் குனிந்த அக்கா, பழக்கதோஷத்தில் தன் விரலாலேயே முடிச்சைத் தேடினார். முடிச்சு இல்லை. கெண்டைக்கால் முழுக்க ஒரே சூடாக, கெட்டியாக இருந்தது. வலதுகாலைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்து, தளர்ந்து கிடந்தது. இந்த வீட்டின் இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அங்கம்மாளின் கட்டைவிரல் கணுக்காலில் ஊன்றிவிட்டது. மேலே இழுத்தால் முடிந்தது. அக்கா அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"வேண்டாமுங்க. இது சுளுக்கில்ல. அமுக்காதீங்க."

அங்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை எடுக்கப் போனார். அக்கா விடவில்லை.

"எடுக்காதீங்க அங்கம்மா. அமுக்காம, கையைச் சும்மா மட்டும் வெச்சிருங்க."

ஜோதிக்குப் போன் போனது. அசையாமல் இருங்கள் என்றார் அவர். நூற்றியெட்டு வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை அங்கம்மாள் கையை எடுக்கவில்லை.

ஸ்கேனில் காலில் பெரிய ரத்தக்கட்டி தெரிந்தது. சின்னத் துண்டு ஒன்று அதற்குள் நுரையீரலுக்கே போய்விட்டிருந்தது. வழித்திருந்தால் பெரியதும் பின்னாலேயே போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் போட வேண்டிய ஊசிகளை ஜோதி எடுத்துக் கொடுத்தார். மாதக்கணக்கில் போட வேண்டும்.

"வீட்ல யாரும்மா போட்டுவிடுவாங்க?"

அக்கா கதவுப் பக்கம் பார்த்தாராம். அங்கே யாரும் இல்லை.

"நானே போட்டுக்கறனுங்க அம்மிணி."

மறுநாள் மாலை நான் போனேன். எட்டு மாதம் கழித்து. வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். எடுத்ததும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"தேய்க்கப்புடாதாம் சாமி" என்றார், என்னைப் பார்த்து. "தேய்ச்சா ரத்தம் கட்டிக்குமாம். தேய்க்காம இருக்கறது மட்டும் இந்தக் கைக்கு வரமாட்டேங்குது."

"நாளைலிருந்து நான் வந்து போட்டுவிடட்டுங்களாக்கா?"

"பழகிப்போச்சு சாமி." பஞ்சை எடுத்துப் போட்டார். பிறகு, "உங்கழுத்து எப்பிடியிருக்குது?" என்று கேட்டார்.

வழக்கமாக உட்காரும் படியில், வழக்கம்போல அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காத்திருந்தேன். கை வரவில்லை.

"எண்ணெய் வாங்கி வெக்கறதில்ல சாமி" என்றார் அக்கா. "ஆரு வாராங்க?"