காலிங் பெல்லில் ஒரு பிளாஸ்திரி

குழந்தைகள் விளையாடும் சத்தம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கேட்க வேண்டும்?

கேள்வி சின்னதுதான். ஆனால் யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்காக ஊஞ்சல், சறுக்குமரம், கொஞ்சம் மணல் போட்டுத் தருவதாக டவுன்ஷிப் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இடம் இரண்டு இருக்கிறது, நீங்களே பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள் என்றார்கள். ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் இருக்கும் காலி இடம். சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். மற்றது, பிளாக் முடிகிற இடத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய மைதானம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஜன்னலுக்கு நேராகப் போடச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். வேறு ஊரில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நெய்வேலியில் பாதித் தெரு பகலில் தூங்குகிறது.

இரவெல்லாம் சுரங்கத்தில் நின்றுவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். என் கணவருக்கு நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் எங்கள் வீட்டுக் குக்கர் பரணுக்குப் போய்விடும், சோற்றை வடித்துவிடுவேன். காலிங் பெல் ஸ்விட்ச் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டுவோம் — காயத்துக்குப் போடுவோமே, அதேதான். உள்ளே ஆள் தூங்குகிறார், அழுத்தாதே என்று அர்த்தம். தபால்காரரிலிருந்து கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே பிளாஸ்திரி படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

என் மகள் யாழினிக்கு ஆறு வயது. தெருவுக்குப் புதிதாக யாராவது குடி வந்தால், அந்த வீட்டுப் பிள்ளையிடம் அவள் முதலில் கேட்பது பெயரை அல்ல. “உங்கப்பா இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டு?”

முதலில் ரோட்டுப் பக்கம்தான் என்று தீர்மானித்தேன். மறுநாளே சந்தேகம். இன்டர்நெட்டில் தேடினேன். தரை எப்படி இருக்க வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், சறுக்குமரம் எவ்வளவு உயரம்... எல்லாம் இருந்தது. நைட் ஷிஃப்ட் அப்பாக்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலாண்டு விடுமுறை. அவர் வந்து படுத்தாயிற்று. யாழினியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ரசத்தை இறக்கிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சத்தம் இல்லாதது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் பிள்ளைகள் எப்போதுமே சத்தமில்லாமல்தான் விளையாடுவார்கள். வெளியே வந்தேன். முந்தின நாள் மழையில் மழைநீர் வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் மூன்று ஜோடிச் செருப்புகள். நடுவில் இருந்தது யாழினியின் ரோஸ் நிறச் செருப்பு.

வாய்க்கால் ஓரமாகவே ஓடினேன். மதகு வரைக்கும் போய்க் குனிந்து பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் என்ன தெரியும்? திரும்பி ஓடி வந்தேன். “யாழினி... யாழினி...”

பக்கத்து வீட்டு செல்வி அக்கா துணி காயப்போட வந்தார். அவருக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். கணவருக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது.

“இன்னாம்மா, எதுனா தொலைச்சுட்டு தேடிகினு கீறியா?”

“யாழினியக் காணோம்க்கா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “புள்ளையக் காணோம்ன்ற... அத ஏம்மா ரகசியம் மாதிரி சொல்லிகினு கீற? வாயத் தொறந்து கூப்புடு!”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையைக் காணாமல் அலைகிறேன்... குரலை உயர்த்தவில்லை!

“உங்க வீட்ல அண்ணன் தூங்குறாரேக்கா...”

“தூங்குனா எழுந்துக்கட்டும்!” என்றவர் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கத்தினார். “ஏ யாழினீ...!”

தெருவே எழுந்தது. செல்வி அக்காவின் கணவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். என் கணவர் வெறுங்காலோடு வந்து, செருப்புகளைப் பார்த்தார், நேராக வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

“செல்வி அத்த அவுட்டு!”

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. வாய்க்கால் வேலைக்கென்று இறக்கி வைத்திருந்த பெரிய சிமென்ட் குழாய்கள். ஒன்றுக்குள்ளிருந்து மூன்று தலைகள். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கரண்டியை வீசினால் விழும் தூரம்.

விளையாட்டின் பெயர் ‘நைட் ஷிஃப்ட்’. அவர்களே கண்டுபிடித்தது. ஒளிந்துகொள்ள வேண்டும், யார் முதலில் சத்தம் போடுகிறார்களோ அவர் அவுட். நடந்தால் சத்தம் வருமென்று செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

அவளை அணைத்துக்கொண்டேன். அப்புறம் அடித்தேன். அப்புறம் மறுபடி அணைத்துக்கொண்டேன்.

“நான் கூப்பிட்டது காதுல விழலையா? ஏண்டி பதில் சொல்லல?”

“நீ மெதுவாத்தானேம்மா கூப்பிட்ட. நீயும் ஆட்டத்துல சேந்துட்டன்னு நெனச்சேன்.”



ஜன்னலுக்கு நேராகவே போட்டுவிடலாம், பேசிச் சிரித்து விளையாடட்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். இரவு ஷிஃப்ட்டுக்கு நேரமானதும் அந்த முடிவும் ஆட்டம் கண்டது. என் கணவரும் செல்வி அக்காவின் கணவரும் அரைத் தூக்கத்தோடு பஸ் ஏறினார்கள். இருவருக்குமே கண்கள் சிவந்திருந்தன. அன்றிரவு நான் தூங்கவில்லை. அவர்கள், தூங்கவே கூடாத இடத்தில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப் நிழற்குடையில் கூட்டம். முதலில் பேசியவர் செல்வி அக்காவின் கணவர்தான்.

“புள்ளைங்க வெளையாட வேணாம்னு நான் சொல்லலைங்க. சுரங்கத்துல கரி ஏத்திகினு போற பெல்ட்டு ஓடிகினே இருக்கும். கிட்ட நிக்கறப்ப ஒரு தபா கண்ணு அசந்துச்சுன்னா... அவ்ளோதாங்க.”

திருநெல்வேலியிலிருந்து வந்த கோமதி அக்கா விடவில்லை. “அதுக்குன்னு ரோட்டு மேலயா கொண்டு போடணும்? பவர் ஹவுஸ் சாம்பல் லாரில்லா ஓடுது! பிள்ளையள யாரு பாக்கது?”

“ஊஞ்சல் கிரீச்சிடாம கிரீஸ் போட்டுடலாம்ப்பா,” என்றார் ஒருவர்.

“ஊஞ்சலுக்குப் போடலாங்க. புள்ளைங்க வாய்க்கு இன்னா போடறது?” என்றார் செல்வி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். “நீங்க படிச்சவங்க, பத்திரிகையில எல்லாம் எழுதறீங்க. நீங்களே சொல்லுங்க.”

என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையில் என் தங்கையின் அபார்ட்மென்ட்டில் சறுக்குமரம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காருக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, வாட்ச்மேனுக்கு எல்லாம் இடம் பிரித்தபின் மிஞ்சிய மூலை. எங்களுக்கு அந்தக் குறை இல்லை. இடம் தாராளமாக இருக்கிறது. பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தள்ளிப் போட்டால் ஆசை தீரக் கத்தலாம்... ஆனால் விழுந்து கத்தினால் அது யாருக்குக் கேட்கும்?

குழாய்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாழினி இப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விளையாடப் போகிறாள். நான் குரல் கொடுத்தால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்கிறாள் — கிசுகிசுப்பாக.

ஷிஃப்ட் வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? எந்த இடத்தைச் சொல்லட்டும்? பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இதே டவுன்ஷிப்பில் இருப்பவர்கள் நேரிலேயே வந்து சொல்லலாம்.

காலிங் பெல்லை மட்டும் அழுத்திவிடாதீர்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது அவருக்கு மறுபடியும் நைட்.