கடைப் பெயர் போட்ட சாமி

பத்தாவதோடு படிப்பு நின்றுபோன நான் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்படி என்று எனக்கே தெரியும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண்ணாக இருந்தவள் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெய்யிலில் காய்ந்த பழைய ரெக்சின் சீட்டின் வாடை எங்கிருந்தாவது வந்து மூக்கில் ஏறினால், மற்றவர்களுக்கு என்ன வருமோ தெரியாது, எனக்குப் பொறாமை வருகிறது. அதுவும் வேறு யார்மேலும் இல்லை, என்னைவிட மூன்று வயது பெரியவளான என் அக்கா வசந்தாமேல்.

நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் நைனா, அதாவது அப்பா, சித்தூரில் கார் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். கம்பெனியிலிருந்து கார் வெறுமனே வரும். அதை வாங்கியவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரர்கள் தங்கள் கணக்கில் சில சாமான்களைப் பூட்டித் தருவார்கள். முன்கண்ணாடிக்கு மேலே பச்சை நிறத்தில் "வெய்யில் தட்டு", ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூச்சாடி, சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் கடைப் பெயர் போட்ட ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலாக டாஷ்போர்டின் நடுவில் நீல எனாமல் பூசிய "சாமித் தட்டு". அதில் ஏழுமலையானும் அவர் பாதத்துக்குக் கீழே தெலுங்கில் கடையின் பெயரும் இருக்கும். இவற்றையெல்லாம் பூட்டுவதுதான் நைனாவின் வேலை. அவர் பூட்டிக் கொடுத்த கார்கள் யார் யார் குடும்பத்தையோ ஏற்றிக்கொண்டு, திருமலை அடிவாரத்திலுள்ள அலிபிரிக்குப் பூஜை போடப் போகும். நைனா கைத்துணியை உதறிக்கொண்டு கடைக்குள் திரும்புவார்.

கடையை மூடிய பிறகு நைனா புத்தூருக்கு வந்து வாடகைக் கார் ஓட்டினார். கை கால் முறிந்து "கட்டு" கட்டிக்கொள்ள ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துப் போவதுதான் அவருக்கு முக்கியமான சவாரி. அப்போதுதான் தேசத்தில் புதுப்புதுக் கார்கள் வரத் தொடங்கியிருந்தன. வைத்திருந்தவர்களெல்லாம் பழைய வண்டியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் கொடுத்த அம்பாசிடரை நைனா வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, டாஷ்போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இது எங்க கடை வண்டிதான். பாரு, நான் போட்ட துளைங்க அப்படியே கீது."

"துளைதான் கீது. சாமானு?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், அந்தக் கோடைக்காலம் முழுவதும் தேடுவதிலேயே போயிற்று. கடை விற்ற பழைய வண்டிகளிலிருந்து கழன்று ஊர் ஊராகப் போயிருந்த அந்தச் சாமான்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பூட்டி, அன்றைக்குத்தான் கடையிலிருந்து எடுத்த புது வண்டி போல அலிபிரிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது நைனாவின் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்புவார். காரணம், அக்காவுக்கு வாய் இருந்தது. தமிழில் சண்டை போட்டுத் தெலுங்கில் சமாதானம் செய்வாள். ஏர்பேட்டில் ஒரு வீட்டில் அந்த ரப்பரை வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தார்களாம். "பெத்தம்மா, இதி மா பண்டிதி", இது எங்க வண்டியோடது, என்று அக்கா அதை உரிமையோடு உருவிக்கொண்டாளாம். அந்த அம்மாள் சிரித்துவிட்டு மோரும் கொடுத்தாளாம். வெய்யில் தட்டு ஒரு கோழிக்கூண்டின் கூரையாக இருந்ததாம், பூச்சாடியில் யாரோ பீடித்துண்டு போட்டு வைத்திருந்தார்களாம். திரும்பி வந்ததும் அக்கா கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"மோந்து பாரு. சித்தூர் பஸ் ஸ்டாண்டு போண்டா துன்னேன்."

நான் மோந்து பார்ப்பேன். வெங்காய வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து வரும். வீட்டில் பாத்திரம் தேய்த்த என் கையில் சாம்பல் வாடைதான் இருக்கும்.

சாமித் தட்டு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு நாள் நைனா சாப்பிட்டுக்கொண்டே, "அந்தச் சாமித் தட்ட யாரு காட்டிக் குடுக்கறாங்களோ, அலிபிரிக்குப் போறப்ப அவுங்களுக்குத்தான் முன் சீட்டு, சன்னலோரம்" என்றார். பொதுவாகச் சொன்னாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தச் சன்னலோரம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னதை அக்கா அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாள்: "காரை எடைக்குப் போடுவாங்க, சாமிய எவன்யா எடைக்குப் போடுவான்? கழட்டி எங்கனா மரத்தடில வெச்சிட்டுப் பூடுவாங்க!" அம்மாவும் நைனாவும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வேறு யோசனை ஓடியது. வண்டி எங்கே கவிழ்ந்தாலும், அதில் இருந்தவர்கள் கை கால் முறிந்து எங்கே வருவார்கள்? எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். கட்டுக் கட்டும் இடத்துக்குப் போகிற வழியில் ஓர் அரசமரம் இருந்தது. அதன் அடியில் கண்ணாடி விரிசல் விட்ட படங்களும் கை போன பிள்ளையார்களும் குவிந்து கிடக்கும். ஆட்களின் கண்ணில் படக் கூச்சப்பட்டுக் கடைத்தெருவை விட்டு அந்த வழியாகத்தான் நான் தினமும் நடப்பேன்.

நாலைந்து சாயங்காலம் தேடினேன். ஸ்பிரிங்கில் தலையாட்டும் முருகன், காரில் ஒட்டும் பிளாஸ்டிக் அம்மன், இப்படியே வந்துகொண்டிருந்தது. கடைசியில் வேரிடுக்கில் இலைச் சருகுக்கு அடியில் நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது. ஓரத்தில் எனாமல் சில்லு போயிருந்தது, ஆனால் கடையின் பெயர் முழுசாக இருந்தது. பாவாடையில் மறைத்துக் கொண்டுவந்தேன். நைனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. டாஷ்போர்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

நைனா பார்த்தார். பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்தது, "வசந்தா! அடி என் தங்கமே!"

ஓடிவந்த அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இல்ல நைனா, இவ" என்றாள். அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நியாயமாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

எங்கே கிடைத்தது என்று நான் சொன்னதும் அம்மா கையை உதறினாள். "கவுந்த வண்டிச் சாமி. யாரு கஷ்டமோ அங்க வெச்சிட்டுப் போயிகிறாங்க, அத வூட்டுக்கு எடுத்தாந்துகீது பாரு."

"எல்லாரும் ஒடஞ்சிக்கினுதான் புத்தூருக்கு வர்றாங்க" என்றார் நைனா. "சாமியும் வந்துகிறாரு. அவருக்கும் ஒரு கட்டு கட்டிட்டா ஆச்சு."

"நீ கட்டு, இன்னா வேணா கட்டு. அது முன்னால இருந்தா நான் வண்டில குந்த மாட்டேன்."

அம்மா இல்லாமல் பூஜை போட முடியாது. கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: அலிபிரிக்குப் போகிற வழியில் இருக்கும் கபில தீர்த்தத்துத் தண்ணீரில் கழுவும் வரைக்கும் தட்டை டாஷ்போர்டில் வைக்கக் கூடாது, அம்மாவுக்கு எட்டத்தில், பின்சீட்டில், யாராவது மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். யார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "எடுத்தாந்தவளே வெச்சிக்கட்டும்."

அப்படியாக முன்சீட்டில் நைனா, நடுவில் அம்மா, சன்னலோரம் அக்கா. நான் பின்னால், தேங்காய்க்கும் பூசணிக்காய்க்கும் நடுவில், மஞ்சள் துணியில் சுற்றிய சாமியோடு. ரேணிகுண்டா தாண்டுகிற வரைக்கும் நான் சாலையைப் பார்க்கவே இல்லை; காற்றில் பறந்த அக்காவின் தலைமுடியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவள் கையை வெளியே நீட்டினாள், நைனா திட்டினார், அந்தத் திட்டுகூட எனக்கு வேண்டியிருந்தது.

கபில தீர்த்தத்தில் கழுவிய தட்டை அலிபிரியில் நைனா தன் பழைய துளையிலேயே வைத்து முடுக்கினார். பூஜை முடிந்து நாலு சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. "சின்னவளே, இப்ப நீ முன்னால வா" என்று நைனா கூப்பிடத்தான் செய்தார். அதற்குள் அக்கா சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். "தூங்கற புள்ளைய எழுப்பாத" என்றாள் அம்மா. நான் சாமியைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு பத்துப் பேர் ஏறும் வேன்கள் வந்தன, சவாரி குறைந்தது. வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் நைனா சாமித் தட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அக்கா திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் போனாள். அங்கே முதல் கார் வாங்கியிருப்பதாகப் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் போகிறவர் ஒருவரிடம் நைனா தட்டைக் கொடுத்தனுப்பினார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "குடு நைனா" என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்கவில்லை.

இப்போது நைனா இல்லை. சித்தூர்க் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ரோடு அகலப்படுத்தியதில் அரசமரமும் போயிற்று. போன மாதம் நைனாவின் திதிக்கு அக்கா வந்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, எத்தனையோ வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தச் சாமித் தட்டு உன்கிட்டதானே கீது? எனக்குக் குடுக்கறியா?"

"ஐயோ, அது அந்தக் காரோடவே போச்சுடி. பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தோம். ஒட்டி வெச்சிருந்தத எடுக்க மறந்தே பூட்டேன்."

மறைக்காமல்தான் சொன்னாள், அதில் அவளுக்கு வருத்தமும் இருந்தது. நான் அவரைக்காயின் நாரை உரித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பழக்கமான அந்தப் பொறாமை வந்தது, ஆனால் தட்டே அவளிடம் இல்லாதபோது அக்காவிடம் போய் நிற்க அதற்கு இடமில்லை. அந்தக் காரை வாங்கியவர் யாரோ, ஆணோ பெண்ணோ, எங்கள் கடைப் பெயரைத் தெலுங்கில் பார்த்துவிட்டு ஏதோ கோலம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறாரோ என்னவோ. முகம் தெரியாத அந்த ஆளின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அக்காவை ரேணிகுண்டா விமான நிலையத்தில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் புத்தூருக்குத் திரும்பினேன்.