வெதுவெதுப்பான வில்லை

ஹோரஸ் கிரிம்ஷா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். யாரும் எதிர்பார்க்காத நிறுத்தத்தில் ஏறுவார். ஏறியதும் டிக்கெட்டைக் கேட்கமாட்டார். ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்தபடி தோள்களைப் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவனின் தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் அவருக்கு வந்த கேடு. சந்தேகம் அடிக்கடி பொய்த்துப் போயிருந்தால் அதை எப்போதோ கைவிட்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் அது அவரை விடவில்லை. பால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இறைச்சிக் கடைக்காரன் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைக்கிறானா என்று எட்டிப் பார்ப்பார். தெருவில் எவராவது நலம் விசாரித்தால், எதற்காக விசாரித்தார் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போவார்.

அவர் மனைவி வேரா ஒருமுறை சவுத்போர்ட்டில் இருந்த அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். வேராவே வந்து ஃபோனை வாங்கினாள்.

"இருக்கேன் ஹோரஸ். இங்கதான் இருக்கேன்" என்றாள். அங்கேயே இருந்துவிட்டாள்.

அதன் பிறகு அவருக்கு மிஞ்சியது கால்வாய்தான்.

பிராட்லோ நெசவாளர் கிளப்பின் தூண்டில்காரர்கள் ஞாயிறுதோறும் கால்வாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்து போட்டி நடத்துவார்கள். பிடிக்கும் மீனை யாரும் தின்பதில்லை. எடை போட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். தின்னவும் விற்கவும் உதவாத மீனுக்காக ஒருவன் ஏமாற்றுவானா என்று வெளியாட்கள் கேட்கலாம். ஹோரஸுக்கு அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. காசுக்காக ஏமாற்றுகிறவனுக்கு ஓர் அளவு உண்டு, பெயருக்காக ஏமாற்றுகிறவனுக்கு அதுவும் கிடையாது என்று அவர் நினைத்தார். மீனின் வாய்க்குள் ஈயக் குண்டு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தவர் அந்தக் கிளப்பில் அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு மார்ச்சிலும், மீன்கள் முட்டையிடுவதற்காக மீன்பிடியை மூடிவைக்கும் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, குளிர்காலக் கோப்பைக்கான போட்டி நடக்கும். அடுத்த சனிக்கிழமை கோப்பையைக் கொடுப்பதற்கு முன் தலைவர் எழுந்து நின்று, "ஆட்சேபணை யாருக்காவது உண்டா?" என்று கேட்பார். ஹோரஸ் எழுந்திருப்பார். அதற்குள் அறை முழுவதும் முனகல் கேட்கத் தொடங்கியிருக்கும். அந்தக் கோப்பையை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அந்த வருடம் ஜனவரியில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிக் குளிர்காலத்தில் கரையில் உட்காரும் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு போட்டிக்கு மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தார். அவருடைய கடைசிக் குளிர்காலப் போட்டி அதுதான் என்பது சிரில் ஹால்சால் ஒருவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். ஹோரஸ் சிநேகிதர் என்று சொல்லக்கூடியவர்களில் மிச்சமிருந்தது சிரில் மட்டும்தான். அதற்குக் காரணம் சிரிலின் பொறுமை என்பதை ஹோரஸும் உள்ளூர அறிவார்.

யார் எங்கே உட்காருவது என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். கரை நெடுக எண் போட்ட முளைகள் அடித்திருக்கும். அதே எண்கள் பொறித்த பித்தளை வில்லைகள் ஒரு சுருக்குப்பையில் இருக்கும். பையைப் பிடிக்கும் பொறுப்பு வெகு காலமாகச் சிரிலுடையது. எல்லோரும் வேண்டிக்கொள்வது பதினாலுக்காகத்தான். பதினாலாம் முளைக்கு எதிரே சாயப்பட்டறையின் வெந்நீர் கால்வாயில் விழும். குளிர்காலத்தில் பெரிய பிரீம் மீன்களெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்கும்.

போட்டியன்று காலை கிளப் வாசலில் புல்லெல்லாம் உறைபனி. ஹோரஸ் வருவதைப் பார்த்ததும் டெஸ் குரல் கொடுத்தான். பதினாலாம் முளையில் இரண்டு முறை ஜெயித்து, இரண்டு முறையும் ஹோரஸின் ஆட்சேபணைக்கு ஆளானவன் அவன்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டாருடா. டிக்கெட்டையெல்லாம் கையில எடுத்து வச்சுக்குங்க."

"உன் புழு டப்பாவைத் திற" என்றார் ஹோரஸ்.

"திறந்தா குளிர்ல செத்துடும்யா."

"திற."

"சரி, மூஞ்சிய மட்டும் உள்ள காட்டாத. குளிர்ல தப்பிச்சாலும் அதுல தப்பிக்காது."

ஹோரஸ் டப்பாவைக் கிளறிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வரிசை நகர்ந்தது. சிரில் பையை நீட்டினார்.

"கைய விடுப்பா, சீக்கிரம். எனக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சு."

உள்ளே வில்லைகள் பனிக்கட்டி போலச் சில்லிட்டுக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் இட்ட முட்டையைப் போல. ஹோரஸின் விரல்கள் அதன் மேல் மூடிக்கொண்டன. அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருக்கலாம். அதற்கு அவகாசமும் இருந்தது. அப்படிச் செய்யவில்லை என்பதைப் பிற்பாடு அவர் தன்னிடமே மறைக்கவில்லை.

வில்லையில் பதினாலு என்று இருந்தது.

"அடிச்சதுடா யோகம்!" என்று கத்தினான் டெஸ். "நான் ஆட்சேபிக்கிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரில் குனிந்து பையின் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்.

பதினாலாம் முளையில் எதிர்க்கரை மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஹோரஸ் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்தார். பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். பனி கொட்டும் காலையில் பித்தளை தானாகச் சூடாகாது. யாரோ அதை உள்ளங்கையிலோ உடம்போடு ஒட்டியோ வைத்திருந்து, ஹோரஸின் முறை வரும்போது மேலாகப் போட்டிருக்க வேண்டும். யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பை ஒருவர் கையில்தான் இருந்தது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை. இரக்கமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனுக்குக் கடைசியாக ஒரு திராட்சைக் கொத்தா? அல்லது டெஸ் கூட்டத்தோடு சேர்ந்து விரித்த வலையா? ஜெயிக்க வைத்துவிட்டு, சனிக்கிழமை எல்லோர் முன்னிலும் வில்லைச் சங்கதியைப் போட்டு உடைத்து, காலமெல்லாம் எங்களைச் சந்தேகித்தவனைப் பாருங்கள் என்று சிரிப்பதற்கா?

தக்கை மெதுவாகச் சாய்ந்து படுத்தது. பிரீம் கடித்தால் அப்படித்தான். இழுக்காது, தூக்கிப் படுக்க வைக்கும். ஈரச் சாக்கை இழுப்பது போல அது கரைக்கு வந்தது. தட்டையான பெரிய மீன், கையெல்லாம் வழுவழுப்பு. வலைக்குள் விட்டார். அடுத்ததும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நெஞ்சு துள்ளியது. துள்ளிய கையோடு அதைச் சந்தேகம் பிடித்து அமுக்கியது. ஒரு மனிதன் தன் சந்தோஷத்திடமே டிக்கெட் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால் பிறகு அவன் போக வேறு ஊர் இல்லை.

எடை போட்டபோது தராசு முள் மற்றவர்கள் யாரும் எட்டாத இடத்துக்குப் போய் நின்றது. டெஸ் தொப்பியைக் கழற்றினான். "பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. மீன் மீன்தான்" என்றான். அதில் கேலி இல்லை. வலை விரித்தவன் இப்படிப் பேசமாட்டான் என்று ஹோரஸுக்குத் தோன்றியது. அப்படியானால் மிஞ்சுவது இரக்கம். அது இன்னும் மோசம்.

கிளப்பில் பீர் வாங்கிக்கொண்டு சிரிலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வில்லையெல்லாம் எங்க வச்சிருந்தே?"

"எங்க வைப்பேன்? பையிலதான்." சிரில் ஒரு மிடறு குடித்தார். "ஒண்ணைத் தவிர. பதினாலு போன தடவை என் கோட்டுப் பாக்கெட் கிழிசல்ல விழுந்து உள்துணிக்குள்ள போயிருக்கு. காலைல வீட்டுல எட்னாதான் கண்டுபிடிச்சு எடுத்துக் கொடுத்தா. மறுபடியும் தொலைச்சுடப் போறேன்னு உள் பாக்கெட்டுல போட்டேன். பையில போட மறந்தே போச்சு. பாதி வரிசை போன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள நீ வந்து நிக்கிறே. போட்டுட்டேன். ஏன், என்ன?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லையா? பஸ்ஸில் இவ்வளவு நீளமாகக் காரணம் சொன்னவன் எவனிடமும் டிக்கெட் இருந்ததில்லை. ஆனால் சிரில் எதையும் நீட்டி முழக்கித்தான் பேசுவார். காய்கறித் தோட்டத்தில் வெங்காயம் நட்ட கதையைக்கூட அரை மணி நேரம் சொல்வார். எது எப்படி இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். சிரில் சொன்னது உண்மையே ஆனாலும், முன்னால் சீட்டு எடுத்தவர்களுக்குப் பதினாலு கிடைக்க வழியே இருந்திருக்கவில்லை. சனிக்கிழமை எழுந்து நின்று இதைச் சொன்னால் போட்டி செல்லாது. பை சிரிலின் கையை விட்டுப் போகும், கூடவே அவர் பெயரும் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கோப்பையை வீட்டு அலமாரியில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை, சிரில் தோட்டத்துக்குப் போகும் நேரம் பார்த்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். சிரிலின் மனைவி எட்னாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"வாப்பா ஹோரஸ், உள்ள வா! கோப்பைக்காரன் வாசல்லயா நிக்கிறது? உக்காரு, டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே பேசினாள். "இவரப் பாக்கணுமே, என்னமோ தானே ஜெயிச்ச மாதிரி. ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடிக்கிட்டே மாடி ஏறினாரு. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூடப் பாடல."

இந்தச் சந்தோஷம் சிநேகிதனுடையதா, சூழ்ச்சி பலித்தவனுடையதா? ஹோரஸ் நடையில் அப்படியே நின்றார். ஆணியில் சிரிலின் மீன்பிடிக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரம்தான். பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டால் கிழிசல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சமையலறையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கை எழுந்தது.

அப்போது வேராவின் குரல்தான் அவருக்குக் கேட்டது: இருக்கேன், இங்கதான் இருக்கேன். அன்றைக்கு அவர் சோதித்துப் பார்த்தார். வேரா சொன்னபடியே இருந்தாள். அவள் பக்கம் ஒரு குறையும் இல்லை. அவள் போனது அதற்குப் பிறகுதான்.

கையை இறக்கித் தன் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டார்.

"சர்க்கரை எத்தனை?" என்றாள் எட்னா.

"ரெண்டு."

"வேற ஏதாவது வேணுமா? ஏதோ கேக்க வந்த மாதிரி இருக்கு உன் மூஞ்சி."

"டீதான்" என்றார். "டீ மட்டும் போதும்."

சனிக்கிழமை கிளப் நிரம்பி வழிந்தது. மேசைகளில் வேகவைத்த பட்டாணியும் வினிகரும் இருந்தன. தலைவர் நார்மன் பில்லிங் கோப்பையைத் துடைத்து முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"விதிப்படி கேக்கறேன். ஆட்சேபணை யாருக்காவது உண்டா?"

பழக்கத்தினால் எல்லாத் தலைகளும் ஹோரஸ் பக்கம் திரும்பின. ஜெயித்தவரே அவர்தான் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு கிளம்பியது. ஹோரஸ் எழுந்து நின்றார். சிரிப்பு நின்றது.

"உண்டு" என்றார்.

சிரில் பீர்க் குவளையைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அவர் தோள்கள் காது வரைக்கும் ஏறியிருந்தன. ஹோரஸ் அதைப் பார்த்தார். தப்புச் செய்தவனின் தோளும் அப்படி ஏறும். பல வருடச் சிநேகிதன் ஊர் முன்னிலையில் தன்னைச் சந்தேகிக்கப் போகிறான் என்று தெரிந்தவனின் தோளும் அப்படித்தான் ஏறும். இத்தனை காலம் பஸ்ஸில் பார்த்த தோள்களில் எது எந்த வகை என்று முதன்முறையாக அவருக்குக் குழப்பம் வந்தது.

"என்னய்யா ஆட்சேபணை?" என்றார் நார்மன்.

"பட்டாணி ஆறிப்போச்சு."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு டெஸ் மேசையைத் தட்டினான். "இன்ஸ்பெக்டர் ரிட்டயர் ஆயிட்டாருடா! எழுதுய்யா, நார்மன், எழுது! பட்டாணி மேல வழக்கு!" அறை அதிர்ந்தது. ஹோரஸ் ஜோக் அடித்து அவர்கள் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. சிரில் மட்டும் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பிலிருந்தும் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

கோப்பை அலமாரிக்கு வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹோரஸுக்குப் பித்தளையின் சூடு விரல் நுனியில் வந்துபோனது. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அது இருந்தது. அதோடு இருந்துகொண்டே சிரிலோடு சதுரங்கம் ஆடினார், வெங்காயக் கதையைக் கேட்டார்.

ஜூன் மாத நடுவில் மீன்பிடி மறுபடி திறந்தது. முதல் போட்டியன்று காலையிலேயே வெயில். ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளப் வாசலில் நின்றார்கள். ஹோரஸ் வந்தார். கைகளில் கம்பளிக் கையுறை, முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்.

"என்னய்யா இது, துருவத்துக்குப் போறியா?" என்றான் டெஸ்.

"டாக்டர் சொன்னாரு."

"ஜூன் மாசத்துலயா?"

"குளிருது எனக்கு."

வரிசை நகர்ந்து சிரிலின் முன் வந்து நின்றார். சிரில் அந்தக் கையுறையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பையைத் தேவைக்கு மேலேயே குலுக்கினார், வில்லைகள் கலகலத்தன.

"கைய விடுப்பா."

கம்பளிக்குள் எதுவும் சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. ஹோரஸ் ஒன்றை எடுத்தார். முப்பத்தொன்று. பாலத்தடி, படகுகள் சேற்றைக் கலக்கிவிட்டுப் போகும் இடம். அங்கே இதுவரை எவனும் உருப்படியாக ஒரு மீன் பிடித்ததில்லை.

"நாசமாப் போன எடம்" என்றார் சிரில் மெல்ல.

"தெரியும்" என்ற ஹோரஸ் வில்லையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வேர்க்க வேர்க்க, கையுறையைக் கழற்றாமலே பாலத்தை நோக்கி நடந்தார்.