பூரானின் வாத்தியார்

டயர் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். பழைய சாமான் கடையில் பொறுக்கிய பாகங்களை வைத்து வீட்டில் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தாள். இவ்வளவு தெரிந்தவளுக்குச் சங்கத்து ஆண்கள் கொடுத்த பொறுப்பு, டீ போடுவது.

போன் லைன் வழியாக அடுத்தவர் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து வரும் 'பூரான்' என்ற ஆளைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர்களுக்கு வாய் மூடாது.

"பூரான் அண்ணன் கில்லாடிடா!"

அந்தப் பூரான் அவள்தான். ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உள்ளே போனால் பூரான் எதையும் தொடமாட்டாள். புகுந்த ஓட்டையை அடைத்துவிட்டு, எப்படி அடைத்தேன் என்று உரியவர்களுக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டு வருவாள். மின்சார ஆபீஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு நேராகப் போலீசுக்குப் போனார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்! போன் லைனைத் தொடர்ந்து வந்த போலீஸ் எக்ஸ்சேஞ்சில் வைத்தே அவளைப் பிடித்தது.

உடனே சங்கத் தலைவர் பேப்பருக்குப் பேட்டி கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூளை என்னுது, கைதான் அவளுது."

போலீசுக்கு வேறென்ன வேண்டும்? அவரையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவளுடைய வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "அவர் சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. வீட்டுக்குப் போயிடலாம். இல்லன்னா ரெண்டு வருஷம் உள்ளதான்."

ஜெயிலுக்குப் போக அவளுக்கு ஆசையில்லை. ஆனால் முட்டி மோதித் தானே கற்றதை அந்த ஆளுக்குத் தாரை வார்ப்பதா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட் வராந்தாவில் தலைவர் கும்பிட்டார். "தங்கச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீயே சொல்லிடும்மா."

"சொல்றேன். காது குளிரக் கேளுங்க."

கூண்டில் ஏறினாள். "ஐயா, இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பிளக் சொருகவே பக்கத்துல இருக்கறவனைக் கூப்பிடுவாரு. புகுந்தது, அடைச்சது, எழுதினது எல்லாம் நான். யாரும் சொல்லித் தரல."

ஜட்ஜ் தலைவர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

பின்வரிசையில் சங்கமே உட்கார்ந்திருந்தது. தலைவர் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க. ஒண்ணும் தெரியாதுங்க."

"சத்தமா சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க!"

அவரை விட்டுவிட்டார்கள். அவளுக்கு இரண்டு வருஷம். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜ் அவளிடம் கேட்டார்.

"அவரு இப்ப சொன்னதையும் தீர்ப்புல சேர்த்து எழுதிடுங்கய்யா."