அப்பாவின் டைட்டில்

கொல்கத்தாவில் யாரிடம் பெயர் சொன்னாலும் அடுத்த கேள்வி, "டைட்டில்?" குடும்பப் பெயரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். பெஹாலாவில் வீடு பார்த்தபோது கேட்டார்கள், காஸ் இணைப்புக்கும் கேட்டார்கள். நமக்கேது டைட்டில்? அப்பா பெயரைச் சொல்லியே காலம் தள்ளினேன். அலுவலக அட்டையில் நான் செல்வம் முருகேசன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அப்பா, காப்பிப்பொடி வாங்க லேக் மார்க்கெட்டுக்குத் தனியாகக் கிளம்பிவிட்டார். மறதி முற்றிக்கொண்டிருந்த மனிதர். தெருத்தெருவாக அலைந்த என்னிடம், "பெரியவர் ஒருத்தர் மயங்கி விழுந்தாருங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க" என்றார் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழர்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். மகனுக்கு எந்த டைட்டிலோ அதுதானே அப்பாவுக்கும்? வங்காளத்தில் அப்படித்தான். டைட்டில் 'முருகேசன்' என்றிருக்கும் வரிகளை மட்டும் எடு என்று 'வேர்' (where) நிபந்தனை போட்டு டேட்டாபேஸுக்கு எழுதினார். ஒரு வரியும் வரவில்லை. "பாய்னி தாதா." கிடைக்கவில்லை அண்ணா என்கிறார். டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கும் எஸ்க்யூஎல் எழுதித்தான் நான் சோறு தின்கிறேன். அந்த நேரத்தில் எனக்கும் பிழை தெரியவில்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். பின்கட்டடத்திலும் கேட்டுப் பாருங்கள் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பின்கட்டடம் பிணவறை.

அதுவரை நான் எந்தச் சாமியையும் அப்படித் திட்டியதில்லை. பிணவறை வாசலில் இருந்தவரும் கேட்டார், "பாபார் டைட்டில்?" அப்பாவின் டைட்டில். அப்பாவுடைய அப்பா பெயர் வாயில் வந்தது: கருப்பையா. அப்போதுதான் உறைத்தது, முருகேசன் அப்பாவின் பெயர், அவருடைய டைட்டில் அல்ல. திரும்பி ஓடினேன்.

"தாதா, டைட்டிலை விட்டுடுங்க! 'வேர்'ங்கிற நிபந்தனையே வேண்டாம். இன்னிக்கு வந்த எல்லாரையும் எடுங்க, கடைசியா வந்தவங்க மேல வர்ற மாதிரி அடுக்குங்க" என்று அரைகுறை வங்காள மொழியில் கத்தினேன். அவர் 'ஆர்டர் பை' என்று தட்டி, சேர்த்த நேரத்தை இறங்குவரிசையில் போட்டார். மேலிருந்து நாலாவது வரி. பெயர், முருகேசன். டைட்டில், திண்டுக்கல். அவர்கள் கேட்டது புரியாமல் அப்பா ஊரைச் சொல்லியிருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊரைப் பெயரோடு கட்டிக்கொண்டு அவர் கட்டிலில் கிடந்தார். அவரை என் பெயரோடு கட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நம்மூருங்களா? எம்மவன் செல்வம் இந்த ஊர்லதான் கம்ப்யூட்டர் வேலை பாக்குறான். கொஞ்சம் தேடிக் குடுக்குறீங்களா?"

"தேடுறேங்க" என்றேன்.