தோள்வலிக்கு ஒரு கிட்டார்

என் மாமா ஒரு ஹோட்டலில், சாப்பிட வருகிறவர்களுக்குக் கிட்டார் வாசிக்கிறார். அம்மாவின் தம்பி. சின்ன வயதில் நாங்கள் வைத்த ‘டொய்ங் மாமா’ என்ற பெயர் இப்போது ஹோட்டல் வாசல்காரர் வரைக்கும் போய்விட்டது. அவர் மேடை ஏறும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாசிப்பை நிறுத்தினால்தான் ஒன்றிரண்டு பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்ன ஆயிற்று என்று திரும்புவார்கள்.

“நம்ம பொழப்பு ஃபேன் மாதிரி. ஓடுற வரைக்கும் யாருக்கும் தெரியாது” என்பார்.

பல வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது மாமா களைத்துப் போயிருந்தார். வேலை முடிந்து வந்தால் உடனே செருப்பைக் கழற்ற மாட்டார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். கேட்டால், தோள்வலி. அவருடைய கிட்டார் முழுக்கட்டையால் செய்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் செங்கல் மூட்டை தூக்கிய மாதிரி ஆகிவிடுமாம். அத்தை அந்தத் தோளுக்குத் தினமும் தைலம் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று அன்றைய சங்கதிகளையெல்லாம் சொல்வார். மாமாவிடமிருந்து ஒரு ‘ம்’ கூட வராது.

“உங்க மாமாகிட்ட பேசுறது செவிடன் காதுல ஊதின சங்குதான்” என்பார் அத்தை என்னைப் பார்த்து. கல்யாணமான பெண்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நானும் சிரித்து வைப்பேன்.

ஒருநாள் மாமா பழைய கிட்டார் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். எலெக்ட்ரிக் கிட்டார்தான், ஆனால் உள்ளே வெறும் கூடு. தூக்கினால் எடையே தெரியாதாம்.

“அதை ஏன் பழசா வாங்குறீங்க?” என்றார் அத்தை.

“பழசுலதான் மரம் நல்லா காஞ்சிருக்கும். பேச ஆரம்பிச்சிருக்கும்.”

“அப்ப என்னையும் இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாம்னு சொல்றீங்க.” அத்தை என் பக்கம் திரும்பினார். “நீ சும்மாதானே இருக்க? உலகத்தையே சுத்தின கால். இவரை நாலு கடை சுத்திக் காட்டிட்டு வா.”

முதல் கடை ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது. கிட்டார்களைத் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மாமா தேன் நிறத்தில் ஒன்றைக் கேட்டார். முகத்தில் எஃப் எழுத்துப் போல இரண்டு துளைகள். வார்னிஷ் நெடுக நுண்ணிய வெடிப்புகள். யாருடைய முழங்கையோ வருடக்கணக்காக உரசி ஓரத்தில் மரம் வெளுத்திருந்தது. கடைக்காரர் ஒயரை எடுத்து வருவதற்குள் மாமா அதன் முதுகை விரலால் தட்டினார். பிறகு மேல்விளிம்பில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தடித்த கம்பியை மீட்டினார்.

“தட்டிப் பாக்குறீங்க, கன்னத்துல வச்சுப் பாக்குறீங்க,” என்றார் கடைக்காரர். “பானை வாங்க வந்தீங்களா சார், புள்ளையைக் கொஞ்ச வந்தீங்களா?”

மாமா கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த கம்பி, அதற்கடுத்தது. அவர் முகம் இளகுவதை நான் ஊருக்கு வந்த பிறகு அன்றுதான் பார்த்தேன்.

“இன்னொரு கடையும் பாத்துரலாம் மாமா” என்றேன். கடைகடையாக ஏறி இறங்காமல் ஒரு பொருளை வாங்க எனக்குக் கை வராது.

இரண்டாவது கடையை ஒரு அம்மாள் நடத்திவந்தார். அவர் காட்டியது அரைக்கூடு; வெளியே பார்க்க முதல் கிட்டார் போலவே இருந்தது, உள்ளே மட்டும் நடுவில் நெடுக ஒரு கட்டை.

“மேடைக்குன்னா இதுதாண்ணே. எவ்வளவு சத்தம் வச்சாலும் கட்டை அமுக்கிப் பிடிச்சுக்கும். முழுக்கூடு வீட்டுல வச்சு வாசிக்கத்தான். ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா குக்கர் மாதிரி விசிலடிக்கும்.”

மாமா அதிலும் தாடையை வைத்தார். “ஊமையா இருக்கே” என்றார்.

அந்த அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒயரைச் சொருகித் தானே வாசித்துக் காட்டினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது போல அத்தனை தெளிவான நாதம். நான் தலையாட்டினேன். மாமா அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வரலம்மா” என்று எழுந்துவிட்டார்.

“எங்க உள்ள?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

மறுபடியும் தையல்கடை மாடிக்கு ஏறினோம். தேன் நிறக் கிட்டாரை இந்த முறை ஸ்பீக்கரில் இணைக்கச் சொன்னேன். ஹோட்டல் மேடை குறுகல். மாமாவின் முழங்காலை ஒட்டித்தான் ஸ்பீக்கர் நிற்கும். அதே மாதிரி உட்கார்ந்து, அதே அளவு சத்தம் வைத்து மாமா வாசிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பாட்டுக்கு அடியிலிருந்து ஊசி போல ஒரு விசில் கிளம்பியது. ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பல் கூசியது. கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கீழே தையல் மெஷின் நின்றது.

மாமா வாசித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் அதே இளக்கம். தற்செயலாகக் கண்ணைத் திறந்து, கடைக்காரர் காதைப் பொத்தியிருப்பதைப் பார்த்தார். அவருடைய கை கம்பிகளின் மேல் அப்படியே படுத்துவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். அவர் எழுந்து சுற்றி வந்து, நான் இடது பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டார்.

“இந்தக் காது போச்சு” என்று வலது காதைத் தொட்டார். “வருஷக்கணக்கா டிரம்ஸ் பக்கம் இருந்த காது. இது போனதும், தாளம் கேக்கணும்னு இன்னொரு காதை டிரம்ஸ் பக்கம் வச்சு உக்காந்தேன். அதுலயும் இப்ப தடிச்ச சத்தம் மட்டும்தான் வருது. விசில் மாதிரி கீச்சுனு மேல போற சத்தம் எதுவும் வரல. தாடையில வச்சா எலும்பு வழியா உள்ள வருது. முழுக்கூடுன்னா நெஞ்சுலயே வந்து நிக்குது.”

“டாக்டர்?”

“போனது வராதுன்னாரு. மிசின் வச்சுக்கச் சொன்னாரு. காதுல மிசினோட மேடை ஏறினா மேனேஜர் விடுவாரா? கீபோர்டு வாசிச்சவரோட வேலையை இப்ப லேப்டாப்தான் பாக்குது. அடுத்து நான்தான்.”

அரைக்கூட்டை வாங்கினால் விசில் வராது. ஆனால் என்ன வாசிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. முழுக்கூட்டை வாங்கினால் வாசிப்பது கேட்கும். விசிலடித்தால் அவரைத் தவிர ஹோட்டலில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

“விசில் வந்தா யாராவது உங்களுக்குச் சொல்லணும், மாமா.”

“சொல்லணும்னா நான் முதல்ல சொல்லணுமே” என்றார். அந்தப் பேச்சே அவரைக் களைப்பாக்கிவிட்டது போலிருந்தது. கைப்பிடியைப் பிடித்து எழுந்து, மேலே போய், முழுக்கூட்டையே வாங்கிக்கொண்டு வந்தார்.

காது விஷயத்தை முதலில் அத்தையிடம் சொன்னார். தைலப் புட்டியோடு வந்த அத்தை அப்படியே நின்றார்.

“அப்ப நான் இத்தனை நாளா திட்டினது எதுவும் காதுல விழலையா?”

“பாதி விழுந்துச்சு.”

“அந்தத் தோளு?”

“தோளு நல்லாத்தான் இருக்கு. காதைத் தீட்டிக் கேட்டுக் கேட்டேதான் அசந்து போறேன்.”

“தினமும் தேச்சு விட்டேனே!”

“நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல.”

அத்தை புட்டியை மூடினார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு உள்ளே போனார். பிறகு அங்கிருந்து கத்தினார், இந்த முறை நிஜமாகவே சத்தமாக: “ஏங்க, குழாய் ஒழுகுது!”

டிரம்ஸ் வாசிக்கிறவரை எல்லோரும் ‘இடி’ என்று கூப்பிடுவார்கள். ஹோட்டலில் மேசை விரிப்பு போட்டுக்கொண்டிருந்த நேரம், மேடை ஓரத்தில் மாமா அவரிடம் சொன்னார். நான் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

“தெரியும்டா,” என்றார் இடி. “அதனாலதான் உனக்குக் கேக்கட்டும்னு கொஞ்ச நாளா ஓங்கி அடிக்கிறேன்.”

“பாவி,” என்றார் மாமா. “மிச்சம் இருக்கிற காதையும் நீதான் தின்னுட்டு இருக்கியா?”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நான் என்ன ஜோசியமா பாத்தேன்?”

இடத்தை மாற்றிக்கொண்டார்கள். கேட்கும் காது டிரம்ஸுக்கு எதிர்ப்பக்கமாக வந்தது. அன்று நான் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருந்தேன். மாமா தேன் நிறக் கிட்டாரை நெஞ்சோடு அணைத்து வாசித்தார். யாரும் நிமிரவில்லை. நாலாவது பாட்டோ ஐந்தாவதோ, விசில் மெல்லக் கிளம்பியது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இடி தாளத்தை விடாமல் ஒரு குச்சியை நீட்டி மாமாவின் நாற்காலிக் காலில் தட்டினார். மாமா கிட்டாரில் சத்தம் குறைக்கும் குமிழைத் திருகி ஸ்பீக்கரை விட்டு அரையடி நகர்ந்தார். விசில் அடங்கியது.

மேனேஜர் கல்லாவிலிருந்து தலையை உயர்த்தி, விளக்கைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். மேடையை மட்டும் பார்க்கவில்லை.